‘வேகமா வளரும்’னு சொன்னா உஷார்!

ஐப்பசி மழைக்கு முன்னால் நர்சரிகளில் கூட்டம் நெரியும். புது வீடு கட்டி மதில் எழுப்பியவர்கள், மாடியில் நின்றால் பக்கத்து வீட்டு ஹால் தெரிகிறதே என்று தவிப்பவர்கள், கார் நிறுத்த நிழல் தேடுபவர்கள் என எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: “சீக்கிரம் வளர்ற மரம் எது?” கடைக்காரர் யோசிக்கவே மாட்டார். கரும்பச்சையாக, கூம்பு மாதிரி வெட்டிவிட்ட ஒரு கன்றைத் தூக்கி வைப்பார். “இதை வச்சுப் பாருங்க. ஒரே வருஷத்துல மதில் மறைஞ்சுடும். பூச்சி வராது, இலை கொட்டாது, தண்ணி ஊத்தலன்னாலும் நிக்கும்.”

அந்தக் கன்றின் பெயர் கோனோகார்ப்பஸ். வாங்கிவிடாதீர்கள்!

2025 ஜனவரியில் தமிழக அரசு இந்த மரத்தை நடுவதற்குத் தடை விதித்து ஆணை போட்டது. குஜராத் வனத்துறை 2023 செப்டம்பரிலேயே காட்டுக்குள்ளும் வெளியிலும் நடக்கூடாது என்றது. தெலங்கானாவில் சாலை நடுவிலும் பூங்காக்களிலும் ஆயிரக்கணக்கில் நட்டபிறகு, இனி நடவேண்டாம் என்று உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சொன்னார்கள். இதெல்லாம் செய்தித்தாளில் வந்து போய்விட்டது. ஆனால் தடை வருவதற்கு முன்பே வீட்டு வாசலிலும், கேட்டட் கம்யூனிட்டி மதிலோரத்திலும், கல்யாண மண்டப முகப்பிலும் வரிசையாக நட்டவை அப்படியேதான் நிற்கின்றன. நட்டவர்களில் பலருக்கு அதன் பெயரே தெரியாது.

அடையாளம் சுலபம். ஈட்டி முனை போல நீண்ட, வழவழப்பான இலை. வருஷம் முழுக்க ஒரே பச்சை. கண்ணைக் கவரும் பூ கிடையாது. பச்சையாகத் தொடங்கி பழுப்பாகும் பட்டன் அளவு சிறு உருண்டைகள் கொத்துக் கொத்தாக இருக்கும். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். குவைத்திலும் துபாயிலும் சாலையோரம் மதில் மாதிரி வெட்டி நிறுத்தியிருப்பது இதைத்தான். மருதமரமும் கடுக்காயும் நாட்டு வாதுமையும் இதற்கு ஒரே குடும்பத்துச் சொந்தங்கள் என்பது ஆச்சரியமான விஷயம். ஆனால் இதன் பூர்வீகம் வேறு. ஓர் இனம் அமெரிக்க, மேற்கு ஆப்பிரிக்க வெப்பமண்டலக் கடற்கரைகளைச் சேர்ந்தது. இன்னொன்று சோமாலியா, ஏமன் பக்கத்தது. உப்புக் கரையிலும் வறண்ட ஓடைப் படுகையிலும் பிழைத்துக் கிடந்த மரத்துக்கு, நாம் தினமும் பைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றி, பக்கத்திலேயே சம்ப்பும் கட்டிக் கொடுத்தால் அது சும்மா இருக்குமா?

வேர்தான் முதல் ஆபத்து. எந்த மரத்தின் வேரும் நல்ல குழாயைத் தேடிப் போய் உடைப்பதில்லை. இணைப்பில் ஒரு மயிரிழைக் கசிவு இருந்தால் போதும், அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நூல் மாதிரி ஒரு வேர் உள்ளே நுழையும். உள்ளே போனபின் பருக்கும். ஒருநாள் பாத்ரூம் தண்ணீர் போகாமல் எதிர்த்து வரும். பிளம்பர் வந்து குழாயைத் தோண்டினால், சடை சடையாக வேர் வெளியே வரும். இது வேம்பிலும் நடக்கக் கூடியதுதான். ஆனால் கோனோகார்ப்பஸின் வளர்ச்சி வேகமும், தண்ணீரைத் தேடிப் பரவும் குணமும், நாம் அதை மதிலுக்கு 2 அடி தள்ளி 4 அடிக்கு ஒன்றாக நெருக்கி நடும் புத்திசாலித்தனமும் சேர்ந்தால் விளைவு சீக்கிரமே வந்துவிடும். குவைத்திலும் இதே புகார்தான்: குழாய், நடைபாதை, மதில். பாகிஸ்தானின் கராச்சியில் 2000களில் சாலையெங்கும் இதை நட்டுப் பசுமையாக்கினார்கள். பிறகு அங்கும் அதே பாட்டுத்தான்.

இரண்டாவது, மகரந்தம். ஈரானின் கூசிஸ்தான் மாகாணத்தில் இதை ஏராளமாக நட்டிருக்கிறார்கள். அங்கே இதன் மகரந்தம் ஒவ்வாமையை உண்டாக்குவதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: இந்த மரத்தின்மேல் சுமத்தப்படும் குற்றங்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்று வாதிடும் விஞ்ஞானிகளும் நம் நாட்டில் இருக்கிறார்கள். இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி அந்த மரத்தடியில் நின்றாலே மூச்சு நின்றுவிடாது. ஆனால் வீட்டில் இழுப்பு உள்ள குழந்தையோ பெரியவரோ இருந்தால், அந்த விவாதம் முடியும்வரை படுக்கையறை ஜன்னலோரம் இதை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டுமா? எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

ஏற்கெனவே நட்டுவிட்டீர்களா? பதறிப்போய் ஜேசிபியைக் கூப்பிட வேண்டாம். மதிலை ஒட்டி வேரோடு இழுத்தால் மதிலும் கூடவே வரும். மேலே மட்டும் வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். வெட்ட வெட்டத் தழைக்கும் என்பதால்தான் இதை வேலியாகவே வளர்க்கிறார்கள். கோடையில் தண்ணீரை நிறுத்திவிட்டு, கிளைகளைக் கழித்து, அடிமரத்தைத் தரையோடு அறுங்கள். துளிர் வரும்போதெல்லாம் உடனுக்குடன் ஒடித்துவிடுங்கள். இலையே விடமுடியாத அடிக்கட்டை போகப் போக இளைத்துச் செத்துவிடும். சம்ப், செப்டிக் டேங்க் பக்கம் போயிருக்கும் வேரை மட்டும் கையால் தோண்டி அறுத்தெடுங்கள். அப்படியே சம்ப்பின் உட்சுவரில் விரிசல் உண்டா, வேர் எட்டிப் பார்க்கிறதா என்று டார்ச் அடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். குடிக்கிற தண்ணீர் அது.

கோனோகார்ப்பஸோடு விஷயம் முடியவில்லை. அதற்குத் தடை வந்துவிட்டதால், நாளை வேறொன்றை அதே வாசகத்தோடு விற்பார்கள். வேகம் என்ற விற்பனைப் பேச்சுதான் நம்மைக் கவிழ்க்கிறது. வேகமாக உயரும் மரத்தில் பல, வைரம் பாயாமல் மெத்தென்று வளர்ந்து நிற்கும். குல்மொஹர் என்றும் மே ஃபிளவர் என்றும் சொல்கிறோமே, அந்தச் செம்மயில் கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. கோடையில் அதைவிட அழகு வேறில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடை மாதிரி அகலமாகத் தலை, மேலாகவே ஓடும் வேர், சடக்கென்று ஒடியும் கிளை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. விழுந்து கிடந்த காட்சியில் இந்த மாதிரி அலங்கார மரங்கள் நிறையவே இருந்தன. பள்ளி மைதானத்துக்கு, ஏரிக்கரைக்குச் சரி. 30 அடி அகல மனைக்கு அது ஒத்துவராது.

இன்னொரு வேக வியாபாரமும் நடக்கிறது. 10, 12 அடி உயர மரத்தைப் பெரிய பையில் வைத்து ‘ரெடிமேட் மரம்’ என்று விற்கிறார்கள். நட்ட அன்றே நிழல் என்கிற ஆசையில் நாமும் லாரி வாடகை கொடுத்து வாங்குகிறோம். பையைக் கிழித்துப் பாருங்கள். ஆணிவேர் நேரே இறங்க வழியில்லாமல் பையின் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து முறுக்கிக்கொண்டிருக்கும். அதை அப்படியே குழியில் இறக்கினால், மண்ணுக்குள்ளும் அந்த வேர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மேலே மரம் கொழுக்கும், கீழே பிடிமானம் இருக்காது. சில வருஷம் கழித்து ஒரு பெருங்காற்றில் பம்பரம் மாதிரி அடியோடு சாய்ந்து காரின்மேல் கிடக்கும். முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பளவு உள்ள கன்று வாங்குங்கள். சில வருஷங்களில் அது அந்தப் பெரிய மரத்தை எட்டிப் பிடித்துவிடும்.

சரி, நாட்டு மரம்தான் வேண்டும் என்று தீர்மானித்துப் போகிறீர்கள். “கொன்றை இருக்கா?” “இருக்கே!” என்று தருவார். அங்கேயும் உஷார். கொன்றையில் சரக்கொன்றை நம்முடையது. சரம் சரமாகத் தொங்கும் மஞ்சள் பூ, விரல் பருமனில் கருப்புத் தடி மாதிரி நீண்ட காய், அகலமான சிற்றிலை. அதே மஞ்சளில் இன்னொன்று இருக்கிறது: சென்னா ஸ்பெக்டாபிலிஸ். மஞ்சக்கொன்றை என்று நீலகிரிப் பக்கம் சொல்வார்கள். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இதன் பூங்கொத்து தொங்காது, மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். சிற்றிலை ஒடுங்கலாக, நிறைய ஜோடிகளாக இருக்கும். பூக்காத கன்றில் இலையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என்ன பெரிய வித்தியாசம், இரண்டும் மஞ்சள்தானே என்று நினைத்தால், முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் போய்ப் பார்க்க வேண்டும். நிழலுக்கும் அழகுக்கும் நட்ட அந்த மரம், விதை விழுந்து விழுந்து புலிகள் காப்பகத்துக்குள் ஏக்கர் கணக்கில் புகுந்துவிட்டது. அதன் அடியில் புல் முளைப்பதில்லை. புல் இல்லையென்றால் மானுக்கும் காட்டெருமைக்கும் என்ன இருக்கிறது? வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் தளிர்க்கும். கடைசியில் உயர் நீதிமன்றம்வரை விவகாரம் போய், தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அதை வெட்டி எடுத்துக் காகிதக் கூழாக்க அரசு அனுமதி தரும் நிலைக்கு வந்தது. அந்நியத் தாவரங்களை அகற்றவே 2022இல் தமிழக அரசு தனியாக ஒரு கொள்கை வகுத்தது. மலையிலும் அடிவாரத்திலும், கோத்தகிரி, கூடலூர், மேட்டுப்பாளையம், தேனிப் பக்கம் வீடோ பண்ணை வீடோ வைத்திருப்பவர்கள் இதை இரண்டுமுறை படியுங்கள். உங்கள் தோட்டத்து வேலி காட்டின் எல்லையும்கூட.

ஆரஞ்சுச் சிவப்பில் கோப்பை கோப்பையாகப் பூக்கும் ஆப்பிரிக்க மரம் ஒன்றும் உண்டு. மொட்டை அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும், பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவார்கள். ஸ்பாதோடியா என்பது பெயர். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இது இருக்கிறது. சவுண்டல் என்கிற சூபாபுல்லும், வேலியில் வண்ண வண்ணமாகப் பூக்கும் உண்ணிச்செடியும் அதே பட்டியலில்தான்.

அந்நிய மரம் எல்லாமே வில்லன் என்று இதற்காகக் கிளம்பிவிட வேண்டாம். சிவன் கோயிலில் நாம் கும்பிடும் நாகலிங்க மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். நூற்றாண்டுக்கு மேலாக இங்கே இருந்தும் அது காட்டைப் பிடித்துக்கொள்ளவில்லை. பரவுமா பரவாதா, அதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி, கைக்குழந்தையும் ஆடுமாடும் உள்ள வீடுகளுக்கு. அரளி அழகுதான், பூஜைக்கும் ஆகும். செவ்வரளி ஆனாலும் மஞ்சள் அரளி ஆனாலும் பூ, இலை, பட்டை, விதை அனைத்திலும் இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. கேரளத்தில் 2024 மே மாதம், அரளி தின்றதால் ஒரு மரணம் நேர்ந்ததாகச் சந்தேகம் எழுந்ததும், திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை நிறுத்தின. யாழ்ப்பாணம் உட்பட இலங்கையின் பல பகுதிகளில் மஞ்சள் அரளி பல பத்தாண்டுகளாக மருத்துவமனைகளுக்குத் தீராத் தலைவலி. கழித்த கிளையை ஆட்டுக்குப் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம், புகையும் ஆகாது. குச்சியை ஒடித்து ஐஸ்கிரீம் கரண்டியாக்கும் வயதில் பிள்ளைகள் இருந்தால் அரளியையே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, வேலியில் நிற்கும் காட்டாமணக்கு. விதை ருசியாக இருக்கும், அதுதான் ஆபத்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கும்பலாகத் தின்றுவிட்டு வாந்தியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த செய்தி தமிழகத்தில் அடிக்கடி வருகிறது. எதையாவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர் வைத்தியமெல்லாம் வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். அந்தச் செடியின் ஒரு கொப்பை ஒடித்துக் கையோடு கொண்டுபோங்கள். எதைத் தின்றது என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

நம் ஊர் மரமென்றால் கண்ணை மூடிக்கொண்டு நடலாமா? கூடாது. ஏழிலைப்பாலை சுத்தமான இந்திய மரம். ரவீந்திரநாத் தாகூர் உருவாக்கிய விஸ்வபாரதியில் பட்டம் பெறுபவர்களுக்கு அதன் இலையைக் கொடுப்பது மரபாக இருந்தது. அத்தனை மரியாதைக்குரிய மரம், ஐப்பசி கார்த்திகையில் பூத்ததும் இரவெல்லாம் தலையை அழுத்தும் வாசனையைக் கிளப்பும். டெல்லிப் பக்கம் வீதி வீதியாக நட்டுவிட்டு, இப்போது தலைவலி என்றும் மூச்சுத்திணறல் என்றும் புலம்புகிறார்கள். பெரிய வளாகத்தில் தள்ளி வையுங்கள், வாசலில் வேண்டாம்.

ஆல், அரசு, அத்திக் கன்றுகளை நாம் நடுவதே இல்லை. காக்கை நட்டுவிட்டுப் போகும். சன்ஷேடு இடுக்கிலும் மொட்டை மாடித் தண்ணீர்த்தொட்டி அடியிலும் இரண்டு இலையோடு முளைக்கும்போதே பிடுங்க வேண்டும். தெய்வ மரம், பிடுங்கினால் பாவம் என்று விட்டுவைத்த வீடுகளின் சுவரைப் போய்ப் பாருங்கள். மனசு கேட்கவில்லையென்றால் அந்தக் கன்றை எடுத்து ஏரிக்கரையில் வையுங்கள், புண்ணியமும் உண்டு.

வேம்பு? மின்கம்பிக்குக் கீழே வைத்தால் மின்வாரிய ஆட்கள் வருஷா வருஷம் வந்து கம்பிப் பக்கம் மட்டும் கழித்துவிட்டுப் போவார்கள். பாரமெல்லாம் வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கும். அடுத்த புயலில் எந்தப் பக்கம் விழும் என்று சொல்லவும் வேண்டுமா? கரிசல் மண்காரர்களுக்கு இன்னொரு கவலை. அந்த மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பெரிய மரம் கோடையில் அஸ்திவாரத்தை ஒட்டிய ஈரத்தையும் உறிஞ்சினால் மண் இறங்கும், சுவரில் கோணலாக விரிசல் ஓடும். முருங்கையை வாசலில் வைக்கக்கூடாது என்று பாட்டிகள் சொல்வதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். கிளை லேசாக ஒடியும், கம்பளிப்பூச்சி கொட்டும் என்ற இரண்டே எனக்குப் போதும். கொல்லையில் அது ராஜா.

அப்படியானால் எதைத்தான் வைப்பது? சின்ன மனை, மதிலுக்கும் சுவருக்கும் நடுவே 5, 6 அடிதான் என்றால் பவழமல்லி, திருவாத்தி. உயரமாக மறைப்பு வேண்டும், அகலம் இல்லை என்றால் நெட்டிலிங்கம். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் சொந்த ஊர். நர்சரியில் அசோகா என்று சொல்லித் தருவார்கள். உண்மையான அசோக மரம் வேறு, அது ஆரஞ்சுக் கொத்தாகப் பூக்கும். வீட்டிலிருந்து 12, 15 அடி தள்ளி வைக்க இடமிருந்தால் சரக்கொன்றை, புங்கன், மகிழம். மகிழம் மெதுவாகத்தான் வரும், சளைக்காமல் காத்திருப்பவர்களுக்கான மரம். புங்கன் கோடைக்கு முன் இலை உதிர்த்து, வெயில் ஏறும் நேரத்தில் புதுத்தளிரோடு நிற்கும். அதன் நிழலின் குளிர்ச்சியைப் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களைக் கேளுங்கள். கடலோர உப்புக்காற்றா, பூவரசும் புன்னையும் தாக்குப்பிடிக்கும். புன்னைக்கு 20 அடிக்குக் குறையாமல் இடம் விடுங்கள். நாவல், வேம்புக்கும் அப்படியே. வனத்துறை நாற்றங்கால்களில் இவற்றில் பல கிடைக்கும். அலங்கார நர்சரியைவிட விலையும் குறைவு.

வாங்கும்போது பெயரைத் தமிழிலும், தாவரவியல் பெயரிலும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். “ஃபாரின் வெரைட்டி சார்” என்று இழுப்பவரிடம் வாங்காதீர்கள்.

நடும்போது பிளாஸ்டிக் பையை முழுசாகக் கிழித்தெடுங்கள். அடியைக் கிழித்துவிட்டு அப்படியே புதைப்பது இன்றும் நடக்கிறது. சுற்றிய வேர் இருந்தால் பிரித்துவிடுங்கள், முற்றி முறுக்கியிருந்தால் கன்றைத் திருப்பிக் கொடுங்கள். குழி 2 அடிக்கு 2 அடி இருக்கட்டும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தை மண்ணுக்குள் இறக்காதீர்கள், அழுகும். தினமும் கால் வாளி தெளிப்பதைவிட, வேர் பிடித்தபின் வாரம் இருமுறை நிறைய ஊற்றினால் வேர் ஆழத்துக்கு இறங்கும். குச்சி நட்டுத் தேங்காய்நார்க் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள், ஒரு வருஷத்தில் அவிழ்த்துவிடுங்கள். அப்புறம் டைல்ஸ்காரர் வருவார், அடிமரம் வரை சிமெண்ட் பூசிவிட்டால் நீட்டாக இருக்கும் என்பார். சுற்றிலும் 3 அடி மண்ணைத் திறந்தே விடச் சொல்லி, வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.